சுவர்க்குறிப்பு

அல் கூஸில், டயர்க் கடைக்கும் மார்பிள் கிடங்குக்கும் நடுவே
வெள்ளையடித்த ஓவியக்கூடம்.
உள்ளே பத்தொன்பது டிகிரி.
படங்களுக்கு வியர்க்கக் கூடாதாம்.

என் கித்தான் சுருளைப் பிரித்தவர்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சொன்னார்:
"நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால்
இதில் ஒரு பெண்ணின் கை தெரியவில்லையே."

நான் வரைந்திருந்தது ஏசியின் வெளிப்பெட்டிகளை.
எங்கள் கட்டடத்தின் முதுகில் அவை நூற்றுப் பன்னிரண்டு.
துருவேறிய கிராதி, சொட்டும் குழாய்,
குழாய்க்கடியில் யாரோ வைத்த பெயின்ட் வாளி,
வாளி விளிம்பில் நீர் குடிக்கும் மைனா.
அவர் மைனாவை மட்டும் தொட்டார்.
"இது இருக்கட்டும். மற்றதை எடுத்துவிட்டு ஒரு ஜன்னல்,
ஜன்னலில் ஒருத்தி, தலையில் கொஞ்சம் மல்லிகை.
மார்ச் எட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்."

மார்ச் எட்டு.
வருஷத்துக்கு ஒருமுறை எங்களுக்கும் சுவர் கிடைக்கும்,
ரோஸ் நிறக் கப்கேக்கோடு.
ஒன்பதாம் தேதி காலை ஆணியைப் பிடுங்கிவிடுவார்கள்.

வரவேற்பு மேசை மெர்லிட்டா
ஓராண்டுக் கேட்டலாக்குகளைச் சோற்று டப்பாவுக்குக் கீழே வைத்து எண்ணினாள்.
அறுபத்து மூன்று பேர். பெண்கள் நால்வர்.
அதில் ஒருத்தி செத்துப்போனவள்.
இன்னொருத்தி பெயருக்குப் பக்கத்தில்
இன்னாரின் மனைவி என்று அச்சாகியிருந்தது.
கதவு மணி அடிக்க, எழுந்து போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.
சிரிப்பது அவள் ஒப்பந்தத்தில் இருக்கிறது.
"படத்துக்குள்ளே இருக்கிற பெண்களையும் எண்ணினேன்.
குடம் சுமப்பவர்கள் மட்டும் பத்தொன்பது.
இந்த ஊரில் யார் குடம் சுமக்கிறார்கள்?"

ஊர்வலம் போகிற ஊரில்லை இது.
கோஷத்துக்கு ஒருவழி டிக்கெட்.
அதனால் அட்டை அடித்தோம்.
ஷார்ஜாவில், பரிசாவின் சமையலறையில், ஐந்து பேர்.
கூடத்தின் அதே எழுத்துரு, அதே அளவு,
அதே ஐந்து மில்லிமீட்டர் பலகை.
அரபியைத் திருத்திய ஹெஸ்ஸா
தன் பெயரை மூன்று முறை எழுதி மூன்று முறை அழித்தாள்.
பிறகு, "எங்கள் குடும்பப் பெயரில் ஒரு தெருவே இருக்கிறது,
என் பெயரில் ஒரு அட்டையாவது இருக்கட்டும்" என்றாள்.

திறப்பு விழா இரவில்
படத்துக்கும் படத்துக்கும் இடையே
வெற்றுச் சுவரில் ஒட்டினோம்.

   வ. ஞானசெல்வி, பிறப்பு 1984.
   வெளிப்பெட்டிகள், எண் ஏழு.
   அக்ரிலிக், கித்தான்.
   இஸ்திரி மேசையில், இரவு பதினொன்று முதல் இரண்டு வரை.
   விசாவில் தொழில்: இல்லத்தரசி. வேலை செய்ய அனுமதியில்லை.
   பெண்ணின் கை தெரியவில்லை.

படித்தவர்கள் நிமிர்ந்தார்கள். மேலே ஒன்றுமில்லை.
ஒருவர் இரண்டடி பின்வாங்கித் தலையைச் சாய்த்து
வெறும் சுண்ணாம்பை வெகுநேரம் ரசித்தார்.
ஜூஸ் தட்டோடு வந்த பெண்
தட்டைத் தரையில் வைத்துவிட்டு
உதடு அசைய முழுவதும் படித்தாள்.
அன்றிரவு அதுதான் எனக்குப் போதுமாயிருந்தது.
இல்லை, போதவில்லை. பொய் எதற்கு.

மறுநாள் மெர்லிட்டாவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்:
எழுத்துருவை யார் கொடுத்தது?
சிரித்தாளாம்.

அட்டைகளைச் சுரண்ட ஜலாலுதீன் வந்தான்,
வழக்கமாகப் படம் மாட்டுகிறவன்.
பதினொன்றை எடுத்தான்.
தீயணைப்பு உருளைக்குப் பக்கத்திலிருந்த பன்னிரண்டாவது
கொஞ்சம் சாய்ந்திருந்தது.
ரசமட்டம் வைத்து அதை நேராக்கி,
நாலு மூலையையும் கட்டைவிரலால் அழுத்திவிட்டுப் போனான்.

மே மாதம் விசா புதுப்பிக்க டைப்பிங் சென்டரில்
பையன் கேட்டான், "தொழில்?"
சொன்னேன்.
எலியை மேலும் கீழும் உருட்டினான்.
"அங்ஙனெ ஒன்று லிஸ்ட்டில் இல்லையே சேச்சி.
பழையதையே போட்டுவிடவா?"
பின்னால் வரிசை செருமியது.

இன்னொருமுறை தேடு தம்பி, என்றேன்.
நான் நிற்கிறேன்.