பதிவேடு

லிம்பேயில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால்,
கோழி விற்பவனுக்கும் பல் பிடுங்குபவனுக்கும் நடுவில்
என் நகல் கடை.
இயந்திரத்தின் கண்ணாடியில் ஒரு விரிசல்,
போன ஆட்சியின் பூட்ஸ் வைத்தது.
அன்றிலிருந்து நான் எடுக்கும் ஒவ்வொரு தாளிலும்
முடியிழை போலொரு கறுப்புக் கோடு
வலது மேல்மூலையிலிருந்து சரிந்து இறங்கும்.
பிறப்புச் சான்றிதழிலும் இறங்கும்,
ஞாயிறு பாட்டுத்தாளிலும்,
சவ அடக்கச் செலவுக் கணக்கிலும்.

இந்தக் கோட்டை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள் என்று
கிரெஷம் மலுங்காவிடம் சொல்லிப் பார்த்தேன்.
வெள்ளிக்கிழமை இரவுகளில்
பாதி இறக்கிய ஷட்டருக்கடியில் குனிந்து வருவார்,
சட்டைக்குள் அவர் கைப்பட எழுதிய துண்டறிக்கை.
“கண்டுபிடிக்கட்டுமே” என்பார்.
யார் பெயரையும் நான் எங்கும் எழுதி வைத்ததில்லை.
கடைசித் தடவை நானூறு.
இருநூற்றைம்பதுக்குப் பணம் தந்தார்.
மீதி ஜெயித்த பிறகு.

ஜெயித்தார்கள்.
நானும்தான் போட்டேன், விரல் மை மூன்று வாரம் போகவில்லை.
பொய் சொல்ல மாட்டேன், சில மாறின.
இரவு பத்து மணிக்கு வானொலியில் ஒருத்தி
அமைச்சரைத் திட்டுகிறாள்.
மறுநாளும் திட்டுகிறாள், அதே குரலில்.
சிச்சிரி சிறையிலிருந்து யோஹானே வந்துவிட்டான்.
சோளக்களி இன்னொரு கரண்டி கேட்கும்போதுகூட
ஜன்னலைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறான்.

சிப்பெரோனித் தூறல் பிடித்துக்கொண்ட ஒரு செவ்வாய்
இளம் அதிகாரி ஒருவர் வந்தார்.
குடையை வெளியே உதறினார், காலைத் துடைத்தார்,
உறையிலிருந்து ஆணையை எடுத்தார்.
நகலெடுப்போர் அனைவரும் பதிவேடு வைக்க வேண்டும்.
பெயர். அடையாள எண். எத்தனை தாள். எதைப் பற்றியது.
கீழே துணை அமைச்சரின் கையெழுத்து.
அவசரமாக வளையும் அந்த வாலை எனக்குத் தெரியும்.

“இதையே அறுபது நகல், சோண்டே” என்றார்.
சோண்டே. தயவுசெய்து.
முன்பு வந்தவர்கள் அந்தச் சொல்லைக் கொண்டுவந்ததில்லை.
வாங்கி எங்கே வைப்பதென்று தெரியாமல்
கொஞ்ச நேரம் நின்றேன்.
பதிவேடு எதற்கு, என் கோடு போதாதா
என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.
அறுபதும் விழுந்தன, சூடாக.
அறுபதிலும் ‘பொதுநலன்’ என்ற சொல்லின் குறுக்கே
கோடு.
அவர் கவனிக்கவில்லை,
அல்லது கவனித்தார்.

மதியம் நர்ஸுகள் ஐந்து பேர்.
நான்கு மாதச் சம்பளம் வரவில்லை.
ஊர்வலத்துக்குப் பதினான்கு நாள் முன்னறிவிப்பு,
அதே பழைய படிவம்;
பழைய அரசின் பெயரைப் பேனாவால் அடித்திருந்தார்கள்,
கேள்விகளை அல்ல.
மேசைமேல் பதிவேட்டைப் பார்த்தார்கள்.
“முழுப் பெயரையும் எழுது, எனெலெஸ் சிசாலே” என்றாள் மூத்தவள்,
எண்ணை மனப்பாடமாகச் சொன்னாள்.
இன்னும் மூவர் சொன்னார்கள்.
ஐந்தாமவள், வேலைக்கு வந்து வருடம்கூட ஆகாதவள்,
தன் தாளை நாலாக மடித்தாள்,
கைப்பையில் வைத்தாள்,
தூறலில் இறங்கிப் போனாள்.
அதை எழுதப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

ஐந்து மணிக்கு அதிகாரி மறுபடி வந்தார், சரிபார்க்க.
முதல் வரி:
கிரெஷம் மலுங்கா. நூற்றைம்பது தாள்.
பேச்சுரிமை பற்றியது. பாக்கி.
இரண்டாம் வரி:
உள்துறை அமைச்சகம். அறுபது தாள். பாக்கி.
அவர் விரல் முதல் வரியை விட்டு நகரவில்லை.
“இதை மட்டும் அடித்துவிடுங்களேன், சோண்டே.”
பேனாவை அவரிடமே நீட்டினேன்.
அடிப்பவர் பக்கத்திலேயே தன் பெயரும் எண்ணும் எழுதணும்,
ஆணையில் நாலாவது பத்தி, என்றேன்.

அப்போது கரண்ட் போனது.
இயந்திரம் ஒரு மூச்சு விட்டு அடங்கியது.
பக்கத்துக் கடையில் கோழிகள் கொஞ்சம் கத்தி ஓய்ந்தன.
தகரத்தில் தூறல்.
இருட்டுக்குள் பேனாவின் பொத்தானை அவர் அழுத்துவது கேட்டது.
டிக்.
கொஞ்சம் கழித்து,
டிக்.