சார்ஜ் கூடாரம்

மூன்று நாள் மழையில் வயல் சேறாகிவிட்டது.
நாற்பது ட்ரம்பெட் குழுக்கள்
ஒன்றையொன்று கேட்காமல் ஊதுகின்றன.
என் செல்போன் செத்து ஒரு மணி நேரம்.
தோழிகள் எங்கோ,
முட்டைக்கோஸ் கொதிக்கும் மண்பானைகளுக்கு நடுவில்.

கூடாரத்தில் நீள வரிசை.
மேசைக்குப் பின்னால் மஞ்சள் மழைக்கோட்டில் ஒருவன்
குனிந்தபடியே கேட்டான்:
"பெயர்?"

"துன்யா."

பேனா நின்றது.
அவன் நிமிரவில்லை. காதைப் பார்த்தேன்.
சைக்கிளிலிருந்து நான் தள்ளிவிட்டதில்
கிழிந்து, கோணலாக ஒட்டிய காது.

வூக்.
என் தம்பி.
நாலு வருஷம்.
அப்பாவின் காரை அவன் விற்றுவிட்டு வந்த அன்று
நான் சொன்ன ஒரு வாக்கியம்
பெல்கிரேடில் ஒரு மாடிப்படியில்
இன்னும் அப்படியே கிடக்கிறது.

அடுத்து, எண் கேட்க வேண்டும்.
முன்னால் நின்ற எல்லோரிடமும் கேட்டான்.
என்னிடம் கேட்காமலே எழுதினான்,
ஏழுக்குக் குறுக்கே கோடு போட்டு,
கடைசி இலக்கம்வரை.

அவன் எண்ணை அழிப்பது
எனக்குச் சுலபமாகத்தான் இருந்தது.
மனப்பாடமாகத் தெரிந்திருந்தால்தானே.

"ஒரு மணி நேரம் ஆகும்."
"சரி."
"பின்னால் ஆள் நிற்கிறார்கள்."
"நான் எங்கே நிற்க?"

காலாலேயே ஒரு பீர் பெட்டியை
தன் பக்கமாக இழுத்துக் கவிழ்த்தான்.
உட்கார்ந்தேன். என் சேறு அவன் பூட்ஸில் அப்பியது.

வெளியே டியூபா ஒன்று உறுமியது.
அவன் என்னவோ சொன்னான்.
"என்ன?" கத்தினேன்.
"பிளக்! அந்தப் பிளக்கைப் பிடி!"

பிடித்துக்கொண்டேன்.
அது விழுகிற பிளக் அல்ல.