காற்றுச் சத்தம்

ஆரல்வாய்மொழி காற்றாலைக் கண்ட்ரோல் ரூமில்
நைட் ஷிப்ட் எனக்கு.
பன்னிரண்டு எபிசோடையும் இரண்டே இரவில் முடித்தேன்.

ஐந்து பெண்கள், ஒரே வகுப்பு,
அத்தனை பேருக்கும் ஒருத்தன் மேலேயே ஆசை.
அவனோ உப்பில்லாமல் அவித்த மரச்சீனி.
எவள் வீட்டிலும் அப்பா அம்மா கிடையாது,
பரீட்சை என்று ஒன்று வருவதே இல்லை,
ஏழாவதில் காரணமேயில்லாமல்
எல்லாரும் கடலுக்குக் குளிக்கப் போகிறார்கள்.

ஆனால் அந்த மழையை வரைந்த ஆள் நிச்சயம் நனைந்தவன்.
லைப்ரரிக்காரி, நாலாமவள்,
அவனுக்கென்று கொண்டுவந்த குடையை
அவன் வேறொருத்தியோடு போவதைப் பார்த்தபடி
மடிப்பு மடிப்பாக நீவிச் சுருட்டுகிறாளே,
வசனமில்லாத நாற்பது நொடி,
அதற்கு மட்டும் முழு மார்க்.

பெரிய ஓட்டை வேறு.
எவளாவது மனசைத் திறக்கும்போதெல்லாம்
ஒரு ரயில் போகும், பட்டாசு வெடிக்கும்,
"என்ன சொன்னே?" என்பான்.
"காத அடகு வச்சிருக்கியாலே"
என்று ஸ்கிரீனைத் திட்டினேன்.
ரெஜுலனுக்கும் வாய்ஸ் மெசேஜ் போட்டேன்,
இது சுத்த ஏமாத்து மக்கா என்று.

பதில் மூணு மணிக்கு வந்தது:
"மார்க் ஷீட் வாங்கின அன்னைக்கு, ஆனிக் காத்து,
முப்பந்தல் ஸ்டாப்பு.
லிபினா உங்கிட்ட என்னமோ சொன்னால்லா?"

சொன்னாள்.
ஷாலை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.
"என்னது?" என்றேன்.
"ஒண்ணுமில்ல."
பஸ் வந்துவிட்டது.

கடைசி எபிசோடு முடியாமலே முடிகிறது.
அதையும் குறை என்றுதான் வைத்திருந்தேன்.

பதினேழாம் நம்பர் டர்பைன் அலாரம் அடித்தது.
டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்,
ஒன்றும் கேட்கவில்லை.