காற்றோடா, காற்றில்லாமலா

முதல் கேள்வியிலேயே என்னை நிறுத்திவிட்டாள்.
வெளியில், சமதரையில், நடக்க முடிகிறதா?
நான்கு கட்டங்கள்: சிரமமில்லை, கொஞ்சம் சிரமம்,
மிகுந்த சிரமம், முடியவே முடியாது.
யாஸ்னா பென்சிலைக் கீழே வைத்தாள்.
"காற்றோடா, காற்றில்லாமலா?"

இது புந்தா அரேனாஸ்.
வசந்தம் பிறந்தால் நகராட்சி ஆட்கள் வந்து
தெருமுனைகளில் கயிறு கட்டிவிட்டுப் போகிற ஊர்.
வங்கி மேலாளரும் ஒரு கையில் தொப்பி, ஒரு கையில் கயிறு என்றுதான்
சாலையைக் கடப்பார்.
இந்தத் தாளைத் தயாரித்தவர்கள்
மரங்கள் நேராக வளரும் ஏதோ ஊர்க்காரர்கள்.

ஒன்பது வயது. மூட்டுவாதம் நாலு வயதிலிருந்து.
காலையில் விரல்கள் பிரிய எவ்வளவு நேரம்?
"ரேடியோவில் கப்பல் சேதி முடிந்து
அப்புறம் மூணு பாட்டு."
நான் நாற்பது நிமிடம் என்று எழுதினேன்.

சட்டைப் பொத்தான்? முடியும்.
குழாயைத் திருக? இடது கையால்.
புட்டி மூடி? "அப்பாவே கத்தியால் தட்டித் திறக்கிற மூடியா,
சாதா மூடியா?"
கார்க் கதவு? சிரித்தேவிட்டாள்.
இங்கே கதவைத் திறப்பது காற்றின் வேலை.
பிடித்து வைப்பதுதான் மனிதர் வேலை.
போன மாதம் எதிர்வீட்டு டாக்ஸி
ஒரு கதவை அப்படித்தான் இழந்தது.

மேசையின் மறுபக்கம் அவள் அம்மா எல்பா.
அதே கேள்விகள், வேறு தாள்.
நண்டு ஆலையில் இரவு வேலை முடித்து நேரே வந்தவள்,
விரல் நுனியெல்லாம் ஓடு கீறிய கோடுகள்.
ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது, விதி.
பரீட்சையில் முதல் பெஞ்சுப் பிள்ளைகள்போல
இருவரும் முழங்கையால் மறைத்தே எழுதினார்கள்.

கடைசியில் ஒரு கோடு. பத்து சென்டிமீட்டர்.
இந்த முனையில் வலியே இல்லை.
அந்த முனையில் இதற்குமேல் வலி கிடையாது.
எங்கே இருக்கிறாய், புள்ளி வை.
அம்மாவின் புள்ளி ஏழில்.
மகளின் புள்ளி இரண்டரையில்.
நடுவில் ஒரு தீப்பெட்டியைப் படுக்க வைக்கலாம்.

எல்பா தண்ணீர் குடிக்க எழுந்து போனபோது கேட்டேன்.
"அஞ்சைத் தாண்டினால் அம்மா வேலைக்குப் போக மாட்டாள்,"
கடையில் விலை சொல்வதுபோல் சொன்னாள்.
"போகாவிட்டால் அந்த நாள் கூலி இல்லை.
ராத்திரி முழுக்க விளக்கைப் போட்டுக்கொண்டு
என் முட்டியையே பார்த்துக்கொண்டிருப்பாள்.
அதுதான் ரொம்ப வலிக்கும்."

அதை எந்தக் கட்டத்தில் போடுவது?
பக்கத்தைத் திருப்பினேன்.
பதினோரு வருடமாக இந்தப் பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறேன்.

கடந்த ஏழு நாளில் மிக நல்ல நாள் எது?
யோசிக்கவே இல்லை. வியாழன்.

வியாழக்கிழமை காற்று நூற்றுப் பத்து.
பள்ளியைப் பாதியில் விட்டார்கள்.
மூலையிலிருந்து மூலைக்கு ஒரே கயிறு,
அதில் ஆறாம் வகுப்புப் பையன்கள், கணக்கு டீச்சர்,
ரொட்டிக்கடைக்காரர், நடுவில் யாஸ்னா.
ஓரடி. நிறுத்தம். ஓரடி.
முன்னால் ஓடிப்போய்த் திரும்பி நின்று
'மெதுவா வா' என்று சொல்ல
அன்றைக்கு யாருக்கும் வழியில்லை.

"கை வலிக்கவில்லையா?"
"வலித்ததே! கயிறு முரடு. ஒன்பது."
ஒன்பதைச் சொல்லும்போது அவள் முகத்தைப்
பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.
பரிசு வாங்கினவள்போல.

சாயங்காலம் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றினேன்.
வியாழன், வலி: ஒன்பது. வியாழன், நல்ல நாள்: ஆம்.
பதில்கள் முரண்படுகின்றன, சரிபார்க்கவும்
என்றது சிவப்பு எழுத்தில்.
சரிபார்த்தேன் என்பதை அழுத்தினேன்.

அதற்கு முன்பே ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தேன்:
எல்பா கார்க் கதவுக்கு முதுகை முட்டுக் கொடுத்து நிற்கிறாள்,
தலைமுடி முழுக்க வாய்க்குள்.
யாஸ்னா அவசரமே இல்லாமல்
முதலில் வலது காலை உள்ளே வைக்கிறாள்.