எடைக்கணக்கு

ஏறும் முன்
ஒவ்வொருவரிடமும் எடை கேட்டான் நஜிமுதீன்.
நாலு இருக்கை விமானம், கணக்கு தப்பக் கூடாதாம்.
மச்சான் உரக்கச் சொன்னார்.
சபுரா அவன் காதில் மட்டும்.
நான் ஆறு கிலோ குறைத்துச் சொன்னேன்.

திருச்சி ஓடுபாதை தீரத் தீர
அந்த ஆறு கிலோவும்
என் மடியில் வந்து உட்கார்ந்தது.

கல்லணைக்கு மேலே ஒருக்களித்துத் திரும்பினோம்.
கொள்ளிடம் முழுக்க மணல்.
வெண்ணாற்றில் புதுத்தண்ணீர்
மதகுக்கு மதகு நின்று யோசித்து
நீடாமங்கலம் வரை வந்திருந்தது;
அதற்கப்பால் பழுப்பு.

கூத்தாநல்லூர்.
மினாரா, அரிசி ஆலைப் புகைபோக்கி,
எங்கள் மொட்டைமாடியில்
எடுக்க மறந்த சிவப்புப் போர்வை.
ஹெட்போனுக்குள் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

பூப்போல இறக்கினான்.
படியில் கைகொடுத்தபோது
சபுரா கிசுகிசுத்தாள்:
"நீங்க எவ்வளவு குறைச்சீங்க?
நான் ஒன்பது."