ஆறு நிமிடம்

கண்ணாடி மேசைமேல் கறுப்பு வெல்வெட் விரித்து
இரண்டையும் அருகருகே படுக்கவைத்தான் கடைக்காரன்.
பெஸான்சோனில் மழை.
ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு
போக மனமில்லாததுபோல்
பாலத்தடியில் சுழித்துக்கொண்டிருந்தது தூ ஆறு.
என்னிடம் இருந்தது நானூறு யூரோவும்
மதிய இடைவேளையில் மிச்சம் இருபது நிமிடமும்.

"இது சாவி கொடுப்பது, மதாம்."
முதுகைத் திருப்பிக் காட்டினான்.
உள்ளே ஒரு சக்கரம் மூச்சுவாங்கியபடி
போவதும் வருவதுமாக இருந்தது.
"நாளுக்கு ஏழெட்டு நொடி கூடும், குறையும்.
உயிருள்ளது அல்லவா" என்றான்,
தன் பிள்ளையின் குறும்பைச் சொல்லும் குரலில்.
அது என்ன என்றேன்.
"அது குவார்ட்ஸ்."
கல்யாண வீட்டில் ஒன்றுவிட்ட உறவைக் காட்டுவதுபோல்
மோவாயை மட்டும் அசைத்தான்.

என் வேலை மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், காந்த அறையில்.
நாளுக்குப் பன்னிரண்டு பேரிடம் 'அசையாதீர்கள்' என்பேன்.
மோதிரம், சங்கிலி, காதுக்கருவி, சில்லறை
எல்லாம் நீலத் தட்டுக்கு வரும்,
எல்லாவற்றுக்கும் முன்னால் என் கைக்கடிகாரம்.
காந்தத்துக்கு முகதாட்சண்யம் கிடையாது.
சாவிக் கடிகாரத்தின் மயிரிழைச் சுருள்
தன்னோடு தானே ஒட்டிக்கொண்டு பதறி ஓடும்.
குவார்ட்ஸ் திகைத்து நிற்கும்;
வெளியே வந்ததும் பெரும்பாலும் மறந்துவிட்டு நடக்கும்.
என்னுடைய பழையது மறக்கவில்லை.
போன நவம்பரில், சட்டைப்பையில்.

தானியங்கி வகையும் உண்டாம்,
கை ஆட ஆடச் சாவி ஏறிக்கொள்ளுமாம்.
"ஞாயிறு முழுக்கப் போர்வைக்குள் கிடந்தால்?"
"செவ்வாய்க்குள் நின்றுவிடும்."
வீட்டில் அப்படியொரு சாட்சி எனக்கு வேண்டாம்.
அதை அவனிடம் சொல்லவில்லை.

குவார்ட்ஸைக் காதில் வைத்தேன்.
டக்.
டக்.
இதற்குள் என்ன இருக்கிறது என்றேன், தெரிந்துகொண்டே.
"ஒரு கல்துண்டு. அரிசிமணி அளவு இருக்கலாம்.
நொடிக்கு முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தெட்டு தடவை
நடுங்கும்.
அத்தனையையும் எண்ணி முடித்து
முள் ஒரே ஒரு அடி வைக்கும்."
கொட்டாவியை விழுங்கிக்கொண்டு சொன்னான்.

செவ்வாயன்று ரொட்டிக்கடை பெர்ழெரோ வந்திருந்தார்.
உள்வாசலைத் தாண்டிய பிறகுதான் நினைவு வந்து
கடிகாரத்தைக் கழற்றி நீட்டினார்.
சாவி கொடுப்பது, தோல்பட்டையில் மாவு.
இருபத்தைந்து நிமிடம் சொன்ன சொல் கேட்டுக் கிடந்தார்.
திரையில், கல்லீரலின் வலது ஓரத்தில்,
ஓர் அக்ரூட் அளவு.
எழுந்து பொத்தானைப் போட்டபடி
"எல்லாம் நன்றாகத்தானே, ஓதீல்?" என்றார்.
"டாக்டர் சொல்வார்" என்றேன்.
"அடுத்த வாரம் கூப்பிடுவார்கள்" என்றேன்.
ஒரு வாக்கியம். ஓர் அடி.
அப்புறம் அடுத்தது.

"இதையே கொடுங்கள்" என்றேன் கடைக்காரனிடம்.
அவனுக்கு வருத்தம்தான்.
பெட்டி வேண்டாம் என்றதும் இன்னும் கொஞ்சம் வருத்தம்.
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து
நொடி பிசகாமல் வைத்துக் கொடுத்தான்.

மாலையில் ரொட்டி வாங்கப் போனேன்.
வேறு தெருவில் வாங்கியிருக்கலாம்.
பெர்ழெரோ சில்லறை எண்ணும்போதே
என் மணிக்கட்டைப் பார்த்துவிட்டார்.
"புதுசா?"
தன் கையை என் கையோடு ஒட்டவைத்துப் பார்த்தார்.
"ஆறு நிமிடம் தாமதம்!
உன்னை நன்றாக ஏமாற்றிவிட்டான், திருப்பிக் கொடு."
அவருடைய நொடிமுள்
வழுக்கிக்கொண்டே முன்னால் போய்க்கொண்டிருந்தது.
பின்னால் இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள்.

நான் ஓரத்துத் திருகை இழுத்து
ஆறு நிமிடம் முன்னே தள்ளிவைத்தேன்,
அவர் பார்க்கும்படி.

"இப்போ சரி" என்றார்.