எங்க வெட்டின?

குடலைப் பருவம். இரவு இரண்டரை.
உதுமாலெப்பை களவாகத் திறந்த வக்கடையை
மண் போட்டு அடைத்துக்கொண்டிருந்தேன்.
பிடரியில் யாரோ மண்வெட்டியின் பின்பக்கத்தால்
ஓங்கி அடித்தார்கள்.
திரும்பினேன். ஆளில்லை.
சம்மாந்துறை வட்டை முழுக்க நிலா.
நான் தண்ணீருக்குள் முழங்காலில் நின்றேன்.

தூக்கிக்கொண்டு ஓடியவனும் உதுமாலெப்பைதான்.
மகன் ஓட்ட, உழவு மெஷின் பெட்டியில்
என் தலையை மடியில் வைத்து
"இனி வாய்க்காலத் தொடமாட்டன் விதானையார்,
கண்ணத் திறங்க" என்றானாம்.
திறந்திருக்கிறேன். ஞாபகமில்லை.

மட்டக்களப்பில் ஸ்கேன் பிடித்தார்கள்.
கொழும்பில் தொடையால் கம்பி விட்டு
மண்டைவரைக்கும் போய்ப் பார்த்தார்கள்.
நாடியில் இரண்டு சின்னப் புடைப்பு,
ஒன்று கடுகு, மற்றது அதிலும் சிறிசு.
பொறுத்துப் பார்ப்போம் என்றார்கள்.

பக்கத்துக் கட்டில் தவேந்திரனுக்குப் பெரிசு.
அவரை வெட்டினார்கள்.
நாலாம் நாள் அந்தக் கட்டிலைக் கழுவினார்கள்.

ஆறு கிழமைக்குப் பிறகு மறுபடியும் கம்பி.
கடுகு இல்லை. மற்றதும் இல்லை.
"இரத்தம் உறைஞ்சு தானா அடைபட்டிருக்கு,
சில பேருக்கு அப்படி நடக்கும்" என்றா டொக்டர்.
ஏன் என்று கேட்டேன்.
கொஞ்சம் யோசித்து, தெரியாது என்றா.
அந்த ஒரு சொல்லுக்காக
அவவை எனக்குப் பிடித்துப்போயிற்று.

ஊருக்கு வந்தால்
மாப்பேணியும் வாழைப்பழமுமாய் வந்தவர்களெல்லாம்
தொப்பியைத் தூக்கிப் பார்க்கிறார்கள்.
எங்க வெட்டின?
வெட்டல்லயா? அப்ப என்ன, வெறும் தலையிடியா?
காட்டுவதற்கு ஒரு தையல்கூட இல்லாமல்
கள்ளனைப்போல் இருந்தேன்.

ஜெசீமா உப்பை ஒளிக்கிறாள்.
தும்மினால் குசினியிலிருந்து ஓடி வருகிறாள்.
நெல்மூட்டை தூக்கவும் கத்தவும் தடை.
கத்தாத வட்டைவிதானைக்கு யார் தண்ணீர் விடுவார்?
மெல்லமாய்ச் சொல்கிறேன்.
காது கேட்காதவர்கள்போல் கிட்ட வருகிறார்கள்,
முகத்தைப் பார்க்கிறார்கள், விட்டுக்கொடுக்கிறார்கள்.
உதுமாலெப்பை மட்டும்
மறுபடியும் களவெடுக்கத் தொடங்கிவிட்டான்.
அது எனக்கு ஆறுதல்.

நேற்று மழைக்குப் பின்
தெற்கு வரம்பைப் பார்க்கப் போனேன்.
போன கிழமை ஒழுகிய நண்டுப் பொந்து
ஒழுகவில்லை.
வண்டல் வந்து படிந்திருக்கிறது,
விரல் நகம் அளவுக்கு ஒரு சுழி, அவ்வளவுதான்.
யார் அடைத்தது?
கையில் கம்பு இருந்தது.
வழக்கமாய் என்றால் குத்திப் பார்ப்பேன்,
உறுதியா, மேல்பூச்சா என்று.

கம்பை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு
வரம்பில் மிதிபடாமல்
வயலுக்குள் இறங்கி நடந்தேன்.